ட்ரை என்ற சொல்லும் ஒரு கூடை சங்கராவும்

எனக்கு ஒரு குணம். எதையாவது புதிதாகத் தெரிந்துகொண்டால் யாரிடமாவது சொல்லாமல் இருப்புக்கொள்ளாது. சோறு இறங்காது. எங்கம்மா அதை வியாதி என்பாள். "உனுக்கு வாயில பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியே பேச்சு மொளைச்சிடுச்சிடி" என்று மார்க்கெட்டில் எல்லார் எதிரிலும் சொல்லுவாள். நான் முறைப்பேன். கோபமும் எனக்குக் கொஞ்சம் கூடுதல்தான், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். எங்கள் வீடு புதுச்சேரித் தேங்காய்த்திட்டில். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா விடியலில் படகடியில் மீன் ஏலம் எடுத்து, ரகம் ரகமாகப் பிரித்து, பெரிய மார்க்கெட்டில் கொண்டுபோய் விற்கிறவள். வீட்டில் எந்த முடிவு என்றாலும் அம்மாதான். அப்பா தலையாட்டுவதோடு சரி. நான் ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, டீச்சர் வேலைக்கு மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கடலூர் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சொந்தப் படகு, ஓட்டு வீடு, நல்ல பையன் என்றார்கள். பையன் எப்படியோ, அவனுடைய அக்கா வாரத்துக்கு ஒரு தரம் வந்து நின்றாள். பதில் சொல்லுங்க, பதில் சொல்லுங்க என்று ஒரே நச்சரிப்பு. கல்யாணம் ஆனால் வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

சரியாக அப்போதுதான் டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒரே ஒரு காலியிடம். அம்மா வெற்றிலையை மடித்தபடி சொன்னாள்: "இந்த ஒரு தபா போய்ட்டு வா. எடுத்துக்கினாங்கன்னா நீ டீச்சரு. இல்லன்னா கடலூர்க்காரங்களுக்கு சரின்னு சொல்லிடுவேன். அப்புறம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கக் கூடாது." நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். சும்மா உட்காரவைத்துக் கேள்வி கேட்க மாட்டார்கள். நிஜ வகுப்பில் நிஜப் பிள்ளைகள் எதிரில் ஒரு பீரியட் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்கு, கோ வென்ட் கான் என்று கோரஸ் பாடவைக்கிற டீச்சர்களைக் கண்டாலே ஆகாதாம். அதனால், ஏதாவது ஒரு சாதாரண வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு அதை மட்டும் முழுசாக நடத்துங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எந்தச் சொல் என்பது என் இஷ்டம்.

நான் ட்ரை என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். யோசித்தெல்லாம் எடுக்கவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் கண்டக்டர், "உள்ள போக ட்ரை பண்ணுங்கம்மா" என்று கத்திக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதத் தெரியாத எங்கள் தெருவிலேயே ஆளுக்கு ஆள் எதையாவது ட்ரை பண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். இதைவிடச் சாதாரணமான சொல் எங்கே கிடைக்கும்? முயற்சி செய்வது, அவ்வளவுதானே, அரை மணி நேரத்தில் ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். சரியான மண்டூகம் நான்.

டவுன் லைப்ரரியில் ஒரு தடி அகராதி இருந்தது. வீட்டுக்குத் தர மாட்டார்கள். மேஜையோடு வைத்துப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். கொழுக்கட்டை மாதிரி கனத்த கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் அதற்குக் காவல். நான் பக்கத்தைத் திருப்பி ட்ரை என்ற சொல்லைத் தேடி எடுத்தேன். முதல் பொருளே முயற்சி இல்லை. முயற்சி எங்கேயோ கீழே கிடந்தது. அதற்கு மேலே சோதித்துப் பார்ப்பது, அதற்கும் மேலே நீதிபதி வழக்கை விசாரிப்பது. எல்லாவற்றுக்கும் உச்சியில், பல நூறு வருஷத்துக்கு முந்தின பொருளாக ஒன்று போட்டிருந்தது: பிரித்தெடுப்பது. கலந்து கிடப்பதிலிருந்து நல்லதைப் பொறுக்கித் தனியே வைப்பது. பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்று அந்தச் சொல்லையும் எழுதியிருந்தது. த்ரியே.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. த்ரியே எனக்குத் தெரியும். புதுச்சேரியில் படித்த எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? சின்ன வகுப்பில் பிரெஞ்சு டீச்சர் கட்டளை வாக்கியம் சொல்லிக்கொடுக்கும்போது, கதவைத் திற, தண்ணீர் குடி, பருப்பைப் பொறுக்கு என்று வரிசையாக வரும். அந்தப் பொறுக்குதான் த்ரியே. கல் நீக்கிப் பருப்புப் பொறுக்குவது. இத்தனை வருஷம் இந்த இரண்டு சொல்லும் ஒரே தலைக்குள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. "அட, அக்கா தங்கச்சிடா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கண்ணாடி அம்மாள் மேஜையில் தட்டினாள்.

அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அகராதி கையை விரித்துவிட்டது. தெரியாதாம். அதுகூட எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு தடிப் புத்தகத்துக்கே தெரியாத ஒன்று இருக்கிறதே என்று.

லைப்ரரியிலிருந்து நேராகப் பெரிய மார்க்கெட்டுக்கு ஓடினேன். மத்தியான வெயில். மீன் வரிசையில் அம்மா ஒரு கையால் ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முழுசாகக் கேட்டாள்.

"இதுக்கா வெய்யில்ல ஓடியாந்த?"

பக்கத்துக் கடை அத்தை, எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் நான் பிறந்ததிலிருந்து அத்தை, விழுந்து விழுந்து சிரித்தாள். "கல்யாணம் பண்ணிக் குடுத்துடு. புருஷங்காரன் கேக்கட்டும் இந்தக் கதயெல்லாம்" என்றாள். எனக்கு வந்ததே கோபம். விருட்டென்று திரும்பி நடந்தேன்.

கோபம் வீட்டுக்கு வரும்வரைதான் தாக்குப் பிடித்தது. சாயந்திரம் அம்மா வந்து கூடையை இறக்கியதும், "அந்தக் கீரைய ஆஞ்சி வெய்டி" என்றாள். முளைக்கீரைக் கட்டை மடியில் போட்டுக்கொண்டு பழுத்த இலையையும் புல்லையும் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆய்வது. கீரை ஆய்வது. திடீரென்று கை நின்றுவிட்டது. ஆராய்வதும் இதுதானே. ஆய்வு, ஆராய்ச்சி, ஆய்வாளர் என்று கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு திரிகிற அத்தனை சொல்லும் இந்தக் கீரைக்கட்டு ஆய்கிற சொல்லோடு சேர்ந்ததுதானே. எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரன் பொறுக்குவதிலிருந்து விசாரணைக்குப் போயிருக்கிறான். நாமும் அதே வழியாகத்தான் போயிருக்கிறோம். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் கீரைக் குழம்பு இல்லை. கீரை பாதியில் கிடக்க, நான் பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார், பாவம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பருப்பு எதற்கு, கீரை எதற்கு? எங்கள் வீட்டில் தினம் தினம் நடக்கிற காரியம் இது. வலையிலிருந்து கொட்டுகிற மீன் எல்லாம் கலந்துதான் கிடக்கும். காரப்பொடி, சங்கரா, நெத்திலி, நண்டு, நடுவில் பாசி, சிப்பி, யாரோ தொலைத்த ஒத்தைச் செருப்பு வரை இருக்கும். அம்மா கை அதற்குள் போய் வருகிற வேகத்தைப் பார்த்தால் கண் வலிக்கும். அந்த மாதிரி ஒரு கூடையை அப்படியே வகுப்பில் கொட்டி, பிள்ளைகளைப் பிரிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? ட்ரை என்றால் என்ன என்று அவர்களுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

பள்ளிக்கூடத்துக்குள் மீன் எடுத்துப் போகலாமா என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதைத்தான் இப்போது நினைத்தால் நம்ப முடியவில்லை. எங்கள் ஆட்களுக்கு மீன் எதிரே வந்தால் நல்ல சகுனம். நல்ல காரியத்துக்கு அதை எடுத்துப்போவதில் என்ன இருக்கிறது?

முதல் நாள் அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "கலந்த மீனா ஒரு சின்னக் கூடை வேணும்மா. வலையில வந்தது வந்தபடி. பிரிக்காத."

"பிரிக்காமயா?"

"பிரிக்காம."

"அந்தப் பெரிய எடத்துக்கா?"

"ஆமாம்மா."

"சரி" என்றாள். முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் நான் குளித்து, இருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் கூடை தயாராக இருந்தது. மேலே ஈரச் சாக்கு மூடி, அம்மாவுக்கே உரிய முடிச்சாகச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. அம்மா படகடியிலிருந்து ஆள் மூலம் அனுப்பியிருந்தாள். கையில் வாடை ஒட்டுமே என்று நான் அவிழ்த்துப் பார்க்கவில்லை. பஸ்ஸில் என் சீட்டைச் சுற்றி நல்ல இடம் கிடைத்தது. பள்ளிக்கூட வாசலில் பியூன், "இன்னாம்மா கூட?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பாடம்" என்றேன்.

எட்டாம் வகுப்பு. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நாற்காலி போட்டு மூன்று பேர். நடுவில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. ஒரு பக்கம் கணக்கு டீச்சர். இன்னொரு பக்கம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிரெஞ்சு வாத்தியார், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அரைத் தூக்கத்தில். பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, சணலை அவிழ்த்து, பெரிய வித்தைக்காரி போலச் சாக்கை உருவினேன்.

உள்ளே சங்கரா. எல்லாமே சங்கரா. ஒரே அளவில், ஒரே சிவப்பில், கழுவித் துடைத்து, வாழையிலை மேல் தலையும் வாலுமாக மாற்றி மாற்றி அடுக்கி, சுற்றிலும் ஐஸ் வைத்து. பெயருக்கு ஒரு காரப்பொடி கிடையாது. ஒரு துண்டு பாசி கிடையாது. கல்யாண வீட்டுச் சீர்வரிசை மாதிரி இருந்தது.

அம்மா பிரித்துவிட்டாள். பிரிக்காதே, பிரிக்காதே என்று அத்தனை தரம் சொல்லியும், பெண் பெரிய இடத்துக்குப் போகிறாளே, அங்கே போய்க் குப்பை மீனைக் கொட்டினால் நம்மை என்ன நினைப்பார்கள் என்று, அன்றைய ஏலத்திலேயே நல்ல மீனாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பியிருக்கிறாள். என் பாடம் முழுக்க அந்தக் குப்பையில்தான் இருந்தது. பிரிக்க ஒன்றுமில்லாத கூடையை வைத்துக்கொண்டு நான் பிரிப்பதைப் பற்றி என்ன நடத்துவது? கடலூர்ப் படகு என் கண்ணெதிரே கரை தட்டியது. அந்த நிமிஷம் அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு பிள்ளை, "மிஸ், மீனு" என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. கணக்கு டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். "ப்ரொசீட்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. குரலில் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது எனக்கு வாயில் வந்தது இதுதான். "பிள்ளைங்களா, இந்தப் பாடத்தை எங்கம்மா ஏற்கெனவே நடத்தி முடிச்சுட்டாங்க. அவங்க பெரிய மார்க்கெட்ல மீன் விக்கிறாங்க. எல்லாம் கலந்து கிடந்த மீன்தான் நான் கேட்டேன். அவங்களுக்கு மனசு வரல. எனக்காக உட்கார்ந்து நல்லதா பொறுக்கி அனுப்பிட்டாங்க. இப்ப சொல்லுங்க, அவங்க கை படறதுக்கு முன்னாடி இதுல என்னென்ன இருந்திருக்கும்?"

அவ்வளவுதான். வகுப்பே கிளம்பிவிட்டது. நண்டு மிஸ். பாம்பு மிஸ். சிப்பி. எறா. ஒருத்தி, "எங்க மாமா வலையில ஒருவாட்டி டிரான்சிஸ்டர் வந்துது மிஸ்" என்றாள். நான் போர்டு முழுக்க வரைந்து தள்ளினேன். பாம்பு நன்றாக வரவில்லை, அதற்கும் சிரித்தார்கள். "இத்தனையிலேருந்தும் நல்லதை மட்டும் எங்கம்மா கை பொறுக்கி எடுத்துச்சே, அதுக்குப் பேருதான் ஆதியில ட்ரை" என்றேன்.

த்ரியே என்று நான் உச்சரித்தபோது பிரெஞ்சு வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொப்பி கீழே விழுந்தது. "ட்ரையும் த்ரியேவுமா?" என்று சத்தமாகத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா பக்கம் திரும்பி அதையே மறுபடி சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இந்தச் செய்தியைக் கேட்டுத் துள்ளிய இன்னொரு மனுஷன் கடைசியில் கிடைத்துவிட்டான்.

அப்புறம் வலையை நாங்களே வீசினோம். ட்ரை வருகிற வாக்கியம் யாருக்கு என்ன தெரியுமோ சொல்லுங்கள் என்றேன். கொட்டினார்கள். கோர்ட்டில் திருடனை ட்ரை பண்ணுகிறார்கள். ஜங்கிரியை ட்ரை பண்ணிப் பார். அப்பா பீடியை விட ட்ரை பண்ணுகிறார், முடியவில்லை. போர்டில் சாக்பீஸால் கூடைகள் வரைந்து, ஒவ்வொரு வாக்கியமும் எந்தக் கூடைக்குப் போகும் என்று அவர்களே சண்டை போட்டுக்கொண்டார்கள். நீதிபதி செய்வதும் பொறுக்குகிற வேலைதான், குற்றவாளி ஒரு பக்கம், நிரபராதி ஒரு பக்கம் என்று முன் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி தானாகவே சொன்னாள். ஜங்கிரியை வாயில் போட்டு நல்லதா கெட்டதா என்று பார்ப்பதும் அதேதான். பீடி அப்பாவை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார்கள். "அவர் ஒண்ணைச் செய்ய இறங்கிட்டார். நல்ல பக்கம் விழுமா, கெட்ட பக்கம் விழுமான்னு அவருக்கே தெரியாது. அதனாலதான் அதுவும் ட்ரை" என்றேன். நாம் முயற்சி என்று சொல்வது இந்தக் குடும்பத்தில் கடைசியாகப் பிறந்த பிள்ளை என்றேன்.

கடைசியில் ஒரு வாலு எழுந்து, ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவின் குரலிலேயே, "டோன்ட் ட்ரை மை பேஷன்ஸ்" என்றது. வகுப்பு மூச்சை நிறுத்திக்கொண்டது. நானும்தான். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அது எந்தக் கூடை?" என்று அவரே கேட்டார். பொறுமை நல்ல பொறுமைதானா என்று சோதித்துப் பார்க்கிற கூடை என்று சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. கீரை ஆய்வது, ஆராய்வது எல்லாம் பாக்கி நின்றுபோயிற்று. மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் அதுவரை கிடையாது.

வராந்தாவில் காத்திருக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் கழித்து ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வந்தார். "திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்கோங்க. கூடை மட்டும் வேண்டாம்" என்றார். சங்கராவை பிரெஞ்சு வாத்தியார் வாழையிலையோடு வாங்கிக்கொண்டு போனார்.

காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடினேன். ரிக்‌ஷாக்காரர் ஒருவர் திட்டினார், பூக்காரி ஒருத்தியின் தட்டைத் தட்டிவிட்டேன், எதற்கும் நிற்கவில்லை. மீன் வரிசை முனையிலிருந்தே, "எடுத்துக்கினாங்கம்மா, எடுத்துக்கினாங்க" என்று கத்தினேன். வரிசையில் அத்தனை தலையும் திரும்பியது. அம்மா தராசைக் கீழே வைத்தாள். "மீனப் பாத்து இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"கடலூர்க்காரங்களுக்கு இன்னிக்கே சொல்லி அனுப்பிடும்மா, வேணாம்னு. முதல்ல அதைச் செய்" என்றேன்.

அம்மா மறுபடி தராசை எடுத்துக்கொண்டாள். பக்கத்துக் கடை அத்தைதான் சொன்னாள். "அத அப்பவே சொல்லிட்டாளே உங்கம்மா. அந்தப் பையனோட அக்காக்காரி காலங்காத்தால படகடிக்கே வந்து நின்னுச்சி, பதில் சொல்லுங்கன்னு. இவ உனுக்குன்னு மீனு பொறுக்கிக்கினு இருந்தா. தலையத் தூக்கிக்கூடப் பாக்கல. எம்பொண்ண குடுக்கறதுக்கு இல்ல, நீ போய் வான்னுட்டா."

நான் அம்மாவையே பார்த்தேன். காலையில் என்றால், நான் குளிக்கக்கூடப் போகாத நேரம். பாடமும் நடக்கவில்லை, முடிவும் தெரியாது.

"ஏம்மா, அங்க என்ன வேணாம்னு சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா அழுதுக்கினு வந்திருப்ப. சோறு போட்டிருப்பேன். நாளைக்கு வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்ப. இந்த ஊர்ல ஒரே பள்ளிக்கூடமா கீது?"

எது தெரிந்தாலும் சொல்லாமல் இருக்க முடியாத எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. மீன் தண்ணீர் ஓடுகிற அந்தத் தரையிலேயே, நல்ல புடவையோடு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். "புடவ வீணாப் பூடும், எந்திரிடி" என்றாள் அம்மா. சொன்னாளே ஒழிய, என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை.